ரூபெல்லா: காய்ச்சல் பிள்ளைக்கு, ஆபத்து வேறொருவருக்கு

ரூபெல்லா வந்த பிள்ளையைப் பார்த்தால் பெரிய நோயாகவே தெரியாது. லேசான காய்ச்சல், கொஞ்சம் மூக்கொழுகல், கண்ணில் சிவப்பு. ஒன்றிரண்டு நாளில் முகத்தில் இளஞ்சிவப்பாகப் பொரி கிளம்பி, மளமளவென்று மார்பு, கை, கால் என்று இறங்கும். கால் வரை வரும்போது முகத்தில் மறையத் தொடங்கியிருக்கும். மூன்று நாளில் எல்லாம் ஓய்ந்துவிடும். பலருக்குப் பொரியே வராமல் போவதும் உண்டு.

காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தடவிப் பாருங்கள். அங்கே நெறி கட்டி, தொட்டால் வலித்தால் ரூபெல்லாவைச் சந்தேகிக்கலாம். மணல்வாரி என்கிற தட்டம்மையில் காய்ச்சல் கொளுத்தும், இருமல் வாட்டும், பிள்ளை துவண்டுவிடும். ஆனாலும் பொரியைப் பார்த்து மட்டும் டாக்டரால்கூட அடித்துச் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனைதான் உறுதி செய்யும்.

தனி மருந்து கிடையாது. எடைக்கேற்ற பாராசிட்டமால், நிறைய நீராகாரம், ஓய்வு போதும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. வேப்பிலை செருகுவது உங்கள் விருப்பம், பத்தியம் என்று பிள்ளையின் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். பொரி வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, வந்த ஒரு வாரம் வரை நோய் தொற்றும். அம்மை கண்ட வீட்டுக்கு யாரும் போகாத பழைய வழக்கம் இந்த ஒரு விஷயத்தில் சரியானதே. முக்கியமாக, கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

ஏன் என்பதை முதலில் கவனித்தவர் சிட்னியில் கண் மருத்துவராக இருந்த நார்மன் கிரெக். கண்புரையோடு பிறந்த குழந்தைகள் திடீரென்று வரிசையாக வந்தன. விசாரித்தால், பெரும்பாலான தாய்மார்களுக்குக் கர்ப்பத் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்தது. 1941இல் அவர் இதை வெளியிட்டபோது எல்லோரும் உடனே நம்பிவிடவில்லை.

வைரஸ் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குள் போகிறது. அங்கே செல்கள் பிரிந்து பெருகும் வேகத்தைக் குறைக்கிறது, நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. முதல் மூன்று மாதம் கண்ணும் காதும் இதயமும் உருவாகும் நேரம். அதனால்தான் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு மூன்றும் சேர்ந்து வரக்கூடும். கருச்சிதைவும் ஆகலாம். 1964-65இல் அமெரிக்காவில் பரவியபோது சுமார் 20,000 குழந்தைகள் இப்படிப் பாதிக்கப்பட்டுப் பிறந்தன.

ஆக, பிள்ளைக்குப் போடும் தடுப்பூசி இன்னும் பிறக்காத வேறொரு குழந்தையைக் காக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் ஊசி போட்டால் வைரஸ் ஒழியாது, மெதுவாகத்தான் சுற்றும். ஊசி போடாத பெண் சிறுவயதில் தப்பித்து, கர்ப்பமாகும் வயதில் மாட்டிக்கொள்வாள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் தொடங்கிய முகாமில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் போட்டதற்கு இதுவே காரணம். அப்போது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளுக்கு இந்தக் கணக்கு எங்கே தெரியும்!

இப்போது 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று என எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. இலங்கை 2020இலேயே ரூபெல்லாவை ஒழித்துவிட்டது.

சிறுவயதில் ஊசி போட்டோமா என்று தெரியாத பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளலாம். அப்புறம் ஒரு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். கர்ப்பமானபின் இந்த ஊசி போடுவதில்லை.