பப்பாளிக்குப் பயப்படும் வீட்டில் தண்ணீரை யார் கவனிக்கிறார்கள்?

முதல் குழந்தையைச் சுமக்கும் பெண்கள் செக்கப்புக்கு வரும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஒரு கேள்விப் பட்டியலும் கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் போனில் டைப் செய்து வைத்திருப்பார்கள். பப்பாளி, அன்னாசி, எள்ளு, கத்தரிக்காய், கருவாடு, காபி. பாதி மாமியாரோ அம்மாவோ சொன்னது, மீதி வாட்ஸ்அப்பில் வந்தது. கடைசியில் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்பார்கள்: "கர்ப்பம்னு தெரியறதுக்கு முன்னாடி ரெண்டு துண்டு பப்பாளி சாப்பிட்டுட்டேன் டாக்டர், குழந்தைக்கு ஏதாவது ஆயிருக்குமா?"

ஒன்றும் ஆகாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பப்பாளிக் காயில் பால் வடிகிறது அல்லவா, அந்தப் பாலுக்குக் கருப்பையைச் சுருங்க வைக்கும் தன்மை இருப்பது எலிகளில் செய்த ஆய்வில் தெரிந்தது. 2002இல் வெளியான அதே ஆய்வு, நன்றாகப் பழுத்த பழத்தால் அந்த எலிகளுக்குப் பாதிப்பு வரவில்லை என்றும் சொன்னது. ஆகவே காயையும் செங்காயையும் தவிர்த்துவிடுங்கள். பழத்தைத் தெரியாமல் சாப்பிட்டதற்காகத் தூக்கத்தை இழக்க வேண்டாம். அன்னாசியில் பயமுறுத்தும் நொதி பெரும்பாலும் தண்டில்தான் இருக்கிறது. பழத்தில் நாம் சாப்பிடும் இரண்டு துண்டு எதுவும் செய்யாது. எள்ளுருண்டையால் கரு கலையும் என்பதற்கு ஆதாரமே இல்லை. கால்சியம் மிகுந்த பண்டம் அது.

முதல் மூன்று மாதங்களில் கலைந்துபோகும் கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோமில் இருக்கும் கோளாறால் கலைகிறது. அந்தப் பெண் என்ன சாப்பிட்டாள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் நம் வீடுகளில் கரு கலைந்ததும் முதல் கேள்வி "என்னத்தத் தின்ன?" என்றுதான் வருகிறது. ஏற்கெனவே நொந்து கிடப்பவள் மேல் அந்தப் பழியையும் போடாதீர்கள் என்று பெரியவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும்? அந்தப் பட்டியலில் ஒருநாளும் இல்லாத ஒன்று இருக்கிறது: தண்ணீர்.

ஹெபடைட்டிஸ் ஈ என்ற வைரஸ் மஞ்சள் காமாலையை உண்டாக்குகிறது. கழிவுநீர் கலந்த குடிநீர் வழியாகத்தான் பெரும்பாலும் பரவும். வீட்டில் மற்றவர்களுக்கு வந்தால் சில வாரம் படுத்து எழுந்துவிடுவார்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் கதையே வேறு. கல்லீரல் செயலிழந்து, 100க்கு 20 முதல் 25 பேர் வரை இறக்க நேரிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1955-56இல் டெல்லியில் யமுனை வெள்ளத்தால் சாக்கடை நீர் குடிநீரில் கலந்து 29,000 பேருக்கு மேல் காமாலை கண்டது. அன்று அதற்குக் காரணம் வேறு வைரஸ் என்று நினைத்தார்கள். சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பல வருடங்கள் கழித்துச் சோதித்தபோதுதான் அது ஹெபடைட்டிஸ் ஈ என்று புரிந்தது. அந்தக் கொள்ளை நோயிலும் கர்ப்பிணிகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

கிருமி உள்ளே போய் இரண்டு முதல் பத்து வாரம் கழித்துத்தான் நோய் தெரியும். அதற்குள் எங்கே தண்ணீர் குடித்தோம் என்பதே மறந்துபோயிருக்கும். பப்பாளி மேல் பழி விழுவதும் தண்ணீர் தப்பித்துக்கொள்வதும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பழம் நினைவில் நிற்கிறது. தண்ணீர் நிற்பதில்லை.

கேன் தண்ணீர் வாங்குகிறோம், பயமில்லை என்பார்கள். கேன் சீல் போட்டு வரலாம். அதைக் கவிழ்த்து வைக்கும் பானையை எப்போது கழுவினீர்கள்? கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதே பாத்திரத்தில் மூடி வைத்து ஆற்றிக் குடியுங்கள். வேறு எந்த ஏற்பாடும் இவ்வளவு மலிவாக இவ்வளவு காப்பாற்றாது. வெளியே போனால் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போங்கள். பானிபூரித் தண்ணீர், கரும்புச்சாறில் போடும் ஐஸ், தள்ளுவண்டி மோர் மூன்றும் பிரசவம் வரை வேண்டாம். தாகமென்றால் கண்முன்னே வெட்டித் தரும் இளநீர் இருக்கிறது.

வளைகாப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏழாவது மாதம் என்றால், அந்த ஆபத்தான கடைசி மூன்று மாதங்கள் தொடங்கும் நேரம். விடியற்காலையில் கிளறிய புளிசாதமும் எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் மண்டபத்தில் அண்டாவுக்குள் மூடிக் கிடக்கும். நல்ல நேரம் பார்த்து, வளையல் போட்டு, எல்லோரும் போட்டோ எடுத்து முடித்து இலை போடும்போது மணி இரண்டாகிவிடும். மே மாத வெயிலில் தேங்காய் சாதம் அவ்வளவு நேரம் தாங்காது. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. சடங்கைக் குறைக்கச் சொல்லவில்லை, எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கும். அவளுக்கான சாப்பாட்டை மட்டும் சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். மண்டபத்து டம்ளர் தண்ணீரைத் தராதீர்கள். ஐந்து வகை சாதம் அவள் ஆசைக்காகத்தானே, அவள் பத்திரமாகச் சாப்பிடட்டும்.

இணையத்தில் படிப்பவர்கள் சீஸ், ஹாட் டாக், சாலட் என்று வெளிநாட்டுப் பட்டியலோடு வருகிறார்கள். அதன் பின்னால் இருப்பது லிஸ்டீரியா என்ற பாக்டீரியா. ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும் என்பதுதான் அதன் தனிக்குணம். அம்மாவுக்கு லேசான காய்ச்சலும் உடம்பு வலியுமாக வந்து போகும், உள்ளே குழந்தை இறந்துவிடக்கூடும். பாலைப் பொங்கக் காய்ச்சும் நம் பழக்கம் இதிலிருந்து பெரிய அளவில் காப்பாற்றுகிறது. கிரேவியில் வெந்த பன்னீருக்கும் பயமில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குழம்பை வெதுவெதுப்பாக்கி ஊற்றிக்கொள்வதுதான் தவறு. கொதிக்க வையுங்கள். மூன்று நாள் சாம்பார் வேண்டவே வேண்டாம். இட்லி மாவு ஆவியில் வேகிறது, கவலையில்லை. தேங்காய்ச் சட்னி அன்றன்றைக்கு அரைத்ததாக இருக்கட்டும். பழைய சோறு கேட்பவர்கள் நிறைய. காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி ஒரே இரவு வைத்தது என்றால் நான் தடுப்பதில்லை.

ஆஃப்பாயிலும் ஆம்லெட்டும் ஒன்றல்ல. மஞ்சள் கரு கெட்டியாக வேக வேண்டும். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்டது எல்லோருடைய நலனுக்காகவும்தான்; கர்ப்பிணிகள் தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஷவர்மா கடைப்பக்கம் போகாமல் இருப்பது நல்லது. கீரையையும் கொத்தமல்லியையும் மண் போக நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். பூனைக் கழிவில் இருக்கும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மண் மூலமாகவும் வரும்.

மீனை நிறுத்திவிட்டு வருபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பாதரசம் இருக்கிறதாமே என்பார்கள். பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று பாதரசத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அதனால் சுறாவைத் தவிருங்கள். பிரசவத்துக்குப் பின் பால் ஊறும் என்று சுறாப்புட்டு செய்வார்கள், அப்போதும் அடிக்கடி வேண்டாம். வஞ்சிரம் எப்போதாவது. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி மூன்றும் சின்ன மீன்கள், விலையும் கட்டுப்படியாகும், குழந்தையின் மூளைக்குத் தேவையான கொழுப்பும் உண்டு. வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை தாராளமாகச் சாப்பிடலாம். ரத்தம் ஊற ஈரல் கொடுப்பார்கள். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், முதல் மூன்று மாதம் தவிர்ப்பது நல்லது. நன்றாக வெந்த சுவரொட்டியில், அதாவது ஆட்டின் மண்ணீரலில், இரும்புச்சத்து நிறைய இருக்கிறது. காபிக்கு அளவு, ஒரு நாளைக்குக் காஃபீன் 200 மில்லிகிராமுக்குள். சின்ன டம்ளரில் ஒன்று போதும், டிகாக்‌ஷன் கெட்டியாக இருந்தால் கட்டாயம் ஒன்றுதான்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரசம் சாதமும் பிஸ்கட்டுமாக நாலு மாதம் ஓட்டியவர்களும் வருகிறார்கள். பயத்தில் மீன் போய், முட்டை போய், கீரை போய், பழம் போய், ஹீமோகுளோபின் 8க்கு வந்து நிற்கும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் நாட்டின் கர்ப்பிணிகளில் 100க்கு 52 பேருக்கும், தமிழ்நாட்டில் 48 பேருக்கும் ரத்தசோகை இருந்தது. பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் கூடுதலாகப் போனாலே அந்த உடம்பு தாங்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நாலாவது மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். அதை டீயோடு விழுங்கினால் பாதிப் பலன் வீண்; கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது. எலுமிச்சைச் சாறோடோ கொய்யாப் பழத்தோடோ போடுங்கள். பச்சரிசி, பல்பம், திருநீறு தின்னத் தோன்றினால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம்.

"இயற்கைதானே" என்று ஊர் பேர் தெரியாத லேகியம், பொடி, சூரணம் சாப்பிடுவதை மட்டும் நான் கடுமையாகத் தடுக்கிறேன். 2011, 2012இல் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளை அவர்கள் சாப்பிட்டிருந்தார்கள். ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். குங்குமப்பூவால் நிறம் மாறாது, காசுதான் போகும்.

காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நின்றால், வயிற்றுப்போக்கில் சிறுநீர் குறைந்தால், குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் அன்றே வாருங்கள். கண் மஞ்சளாகத் தெரிந்தால், சிறுநீர் கடுகெண்ணெய் நிறத்தில் போனால், சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டி வாந்தி நிற்காவிட்டால் இரவானாலும் கிளம்புங்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து மூன்று நாள் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள், பத்தியம் வைப்பவரைத் தேடி ஊர் ஊராகப் போகாதீர்கள். ரத்தம் உறைவதைப் பார்க்கும் பரிசோதனையும், தீவிர சிகிச்சைப் பிரிவும், ரத்த வங்கியும் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ அருகில் இருந்தால் அங்கே. உள்ளே நுழைந்ததும் எத்தனையாவது மாதம், எத்தனை நாளாக மஞ்சள் என்ற இரண்டையும் முதலில் சொல்லுங்கள்.