புது டிரைவர் வாங்கும் முன் பழைய கிரிப்பைப் பாருங்கள்

கோல்ஃப் ஆடுகிறவர் யார் முழங்கை வலி என்று வந்தாலும், கையைத் தொட்டுப் பார்த்த கையோடு நான் கேட்பது, “கிரிப் மாத்தி எவ்வளவு நாள் ஆச்சு சார்?” என்பதுதான். பாதிப் பேர் விநோதமாகப் பார்ப்பார்கள். டிரைவரை, அதாவது தூர அடிக்கான பெரிய மட்டையை, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியிருப்பார்கள். கிரிப் என்கிற, கைப்பிடியில் கையில் படுகிற அந்த ரப்பருக்கும் ஆயுசு உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

புதுச்சேரியில் கோல்ஃபா என்று சிரிக்க வேண்டாம். சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள், பிரான்ஸில் ஓய்வு பெற்றுக் குளிர்காலத்தை இங்கே கழிப்பவர்கள், கடலூர் சிப்காட் பக்கம் மேலாளர்களாக இருப்பவர்கள் என்று ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. மாதத்தில் ஓரிரு ஞாயிறு, விடிவதற்கு முன்பே ஈசிஆரில் கிளம்பி சென்னை நந்தனம் மைதானத்துக்குப் போகிறார்கள். விடுமுறைக்குக் கொடைக்கானல் போனால் அங்கே 1895இல் தொடங்கிய கோல்ஃப் சங்கம் இருக்கிறது. மற்ற நாட்களில் மொட்டை மாடியில் வலை கட்டி, மேட் விரித்துப் பந்தடிக்கிறார்கள். வாரம் முழுக்க நாற்காலியில் இருந்த உடம்பு ஒரே காலையில் 18 குழி ஆடுகிறது. கையிலிருக்கும் கிளப்போ, அதாவது மட்டையோ, துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது, இல்லையென்றால் ஆன்லைனில் தள்ளுபடிக்குக் கிடைத்தது. வாங்கியவரின் கைக்கு அளவெடுத்தது அநேகமாக எதுவும் இருக்காது.

என்னிடம் வருகிறவர்களில் இடுப்பு வலிக்காரர்கள்தான் அதிகம். அடுத்தது முழங்கை. வலது கைக்காரர்களுக்கு இடது முழங்கையின் வெளிப்பக்கம் வலிப்பது சாதாரணம். கோல்ஃபில் உள்பக்கம்தான் வலிக்கும் என்று படித்துவிட்டு வருகிறவர்கள் இதைக் கேட்டுக் குழம்புகிறார்கள். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்களிடம் வெளிப்பக்க வலியே அதிகம்.

இதற்கும் கிரிப்புக்கும் என்ன சம்பந்தம்? மணிக்கட்டையும் விரல்களையும் இயக்கும் தசைகள் முழங்கையின் இரு பக்கத்து எலும்பு முனைகளில்தான் ஒட்டியிருக்கின்றன. ரப்பர் பளபளத்து வழுக்கத் தொடங்கினால், நீங்கள் நினைக்காமலே விரல்கள் இறுகும். ஒவ்வொரு ஸ்விங்குக்கும், அதாவது கிளப்பின் ஒவ்வொரு வீச்சுக்கும், அந்த இறுக்கம், பந்தில் படும் அதிர்ச்சியோடு சேர்ந்து, அதே முனையில் போய் இழுக்கும். கிரிப்பை வருடத்துக்கு ஒரு முறை, இல்லாவிட்டால் 40 ரவுண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது வழக்கம். நம் கடற்கரைப் புழுக்கத்திலும் வியர்வையிலும் அது இன்னும் சீக்கிரமே கெடும். பையை வெயில் காலம் முழுக்கக் கார் டிக்கியிலேயே போட்டு வைப்பவர்களுக்கு ரப்பர் மட்டுமல்ல, தலையைத் தண்டோடு ஒட்டியிருக்கும் பசையும் வெயிலில் இளகக்கூடும். அடிக்கும்போது தலைப்பகுதியில் ‘கடக் கடக்’ என்று சத்தம் கேட்டால் அந்தக் கிளப்பைத் தொடாதீர்கள். கழன்ற தலை பக்கத்தில் நிற்பவர் மேல் போய் விழும்.

அளவு பார்ப்பது எளிது. இடது கையால் கிளப்பைப் பிடித்தால் நடுவிரலும் மோதிரவிரலும் கட்டைவிரலின் அடிச் சதையை லேசாகத் தொட வேண்டும். நகம் சதையில் குத்தினால் கிரிப் உங்களுக்கு மெல்லியது. தொடவே முடியாமல் இடைவெளி விழுந்தால் தடிமன். விரல் மூட்டுகளில் வாதம் உள்ளவர்களுக்கு நான் ஒரு சுற்றுத் தடிமனான, மிருதுவான கிரிப்பைத்தான் சொல்வேன். உள்ளே கூடுதலாக ஓரிரு அடுக்கு டேப் சுற்றினாலே போதும், புதிய அளவு தேட வேண்டியதில்லை. பை முழுவதற்கும் கிரிப் மாற்றினாலும் நல்ல டிரைவர் ஒன்றின் விலையில் பாதிகூட ஆகாது. இடையிடையே பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவித் துடைத்தால் பிடி திரும்பி வரும். தோல் கையுறைக்கும் இதே கதிதான். வியர்வையில் நனைந்து உலர்ந்தால் அப்பளமாக விறைத்துவிடும். இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள், பைக்குள் சுருட்டித் திணிக்காதீர்கள்.

அடுத்த எதிரி மொட்டை மாடி மேட். காங்கிரீட் மேல் விரித்த மெல்லிய செயற்கைப் புல்லில் ஐயர்ன் எனப்படும் தட்டைத் தலை கிளப்பால் அடிக்கும்போது, பந்தில் படும் முன்பே தரையில் பட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துவிடும். நன்றாக அடித்தோம் என்று தோன்றும். நிஜமான புல்தரையில் அதே அடி மண்ணில் புதைந்து பத்தடி தூரம்கூடப் போகாது. ஆட்டத்துக்கு அது கெடுதல், கைக்கு அதைவிடக் கெடுதல். மண் வாங்கிக்கொள்ள வேண்டிய அதிர்ச்சியை மணிக்கட்டும் முழங்கையும் வாங்குகின்றன. “நூறு பந்து அடிச்சாதான் டாக்டர் மனசு நிறையுது” என்கிறார்கள். மனசு நிறையட்டும், ஆனால் மேட்டுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்போ பஞ்சு விரிப்போ போடுங்கள். ஐயர்ன் அடிக்கும்போதும் பந்தைச் சின்ன ரப்பர் டீயில், அதாவது பந்து தாங்கியில், தூக்கி வையுங்கள். முப்பது நாற்பது பந்தோடு நிறுத்திவிட்டு, மீதி நேரத்தைப் பட்டிங்குக்கு, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் அடிக்கு, கொடுங்கள். ஸ்கோரில் கணிசமான பங்கு அங்கேதான் போகிறது, மூட்டுக்கும் செலவில்லை.

தண்டைப் பற்றி. ஸ்டீல் ஷாஃப்ட் சுமார் 95 முதல் 130 கிராம் வரை இருக்கும். ஐயர்னுக்கான கிராஃபைட் 50 முதல் 80 வரை. கிராஃபைட் அதிர்வைக் கொஞ்சம் தணிக்கவும் செய்யும். அறுபது தாண்டியவர், ஏற்கெனவே முழங்கையில் வலி வந்தவர், ஸ்டீலை விட்டுவிடலாம். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. விறைப்பைக் குறிக்கும் எழுத்துகளை, ரெகுலர், ஸ்டிஃப் என்றெல்லாம் போட்டிருப்பதை, அப்படியே நம்ப வேண்டாம். அவற்றுக்குப் பொது அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொரு நிறுவனத்தின் ஸ்டிஃபுக்குப் பக்கத்தில் வரும். டிவியில் பார்க்கும் ஆட்டக்காரர் ஸ்டிஃப் வைத்திருக்கிறார் என்று வாங்கியவர்கள் அதை வளைக்க இடுப்பைப் போட்டு முறுக்குவார்கள். பிறகு என் படுக்கையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஸ்விங் வீடியோ காட்டுவார்கள். அதே டிவியில் இன்னொன்றையும் பார்த்திருக்கலாம். 2025 அக்டோபரில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்த இந்தியா சாம்பியன்ஷிப்புக்கு வந்த ரோரி மெக்இல்ராய், குறுகலான அந்த மைதானத்தில் டிரைவரை எடுக்க வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை என்றார். மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியை வென்றவரே அப்படி. நமக்கு ஏன் ஒவ்வொரு குழிக்கும் டிரைவர்?

பையில் 14 கிளப்புக்கு மேல் கூடாது என்பதுதான் விதி. குறைந்தபட்சம் இத்தனை என்று எங்கும் இல்லை. ஏழெட்டு கிளப்போடு போனால் தோளில் சுமை நன்றாகக் குறையும், 18 குழி நடந்தால் எட்டு முதல் பத்து கிலோமீட்டர் ஆகும் என்பதையும் யோசியுங்கள். டிராலி இருந்தால் தள்ளிக்கொண்டு போங்கள், பின்னால் இழுக்காதீர்கள். இழுத்தால் தோளும் இடுப்பும் ஒரு பக்கமாகத் திருகும்.

குனிய முடியாதவர்களுக்கு விதிகளிலேயே சலுகை இருக்கிறது. 2019 முதல் கொடியைக் குழியிலேயே விட்டுவிட்டுப் பட் செய்யலாம். பட் செய்யும் கிளப்பான பட்டரை நீளமானதாகவும் வைத்துக்கொள்ளலாம், அதன் முனையை நெஞ்சிலோ வயிற்றிலோ ஊன்றித்தான் அடிக்கக் கூடாது. அந்தத் தடை 2016இல் வந்தது. பட்டரின் கிரிப் முனையில் பொருத்தும் சிறு ரப்பர் உறிஞ்சியால் குழியிலிருந்து பந்தை எடுத்துவிடலாம், குனியவே வேண்டாம். டிஸ்க் நகர்ந்த ஒருவருக்கு நான் முதலில் வாங்கச் சொல்லும் உபகரணம் இதுதான்.

“பந்து இனிமே தூரம் போகாதாமே, இப்பவே டஜன் கணக்குல வாங்கி வெச்சுக்கட்டுமா?” என்று கேட்கிறார்கள். வேண்டாம். கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ ஆகிய இரண்டு அமைப்புகளும் 2023 டிசம்பரில் அறிவித்தது என்னவென்றால், பந்தைச் சோதிக்கும் கிளப் வேகம் மணிக்கு 125 மைலாக உயரும், ஆனால் பந்து தாண்டக் கூடாத தூர வரம்பு 317 கெஜமாகவே இருக்கும். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்களுக்கு 2030க்கு முன் எதுவும் மாறாது. மாறினாலும் அவர்கள் இழக்கப்போவது ஐந்து கெஜம் அல்லது அதற்கும் குறைவு என்பது அந்த அமைப்புகளின் கணிப்பு. கிரிப் சரியில்லாமல் இழக்கும் தூரம் அதைவிட அதிகம் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

இரண்டு வலிகளை மட்டும் தைலம் தேய்த்துத் தள்ளிப்போடாதீர்கள். ஒன்று, இடது உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து அடியில் வரும் வலி. கிரிப்பின் முனை வந்து அழுத்தும் அந்த இடத்தில் கொக்கி போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு எலும்பு உண்டு. தரையில் பலமாக அடித்தால் அது முறியும். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. அழுத்தினால் வலிக்கிறது, பிடி தளர்கிறது என்றால் எலும்பு மருத்துவரிடம் சொல்லி சிடி எடுத்துப் பாருங்கள்.

மற்றது விலா. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் ஆர்வத்தில் தினமும் வாளி வாளியாகப் பந்தடிப்பார்கள். சில வாரத்தில் இடது பக்க விலா பின்புறமாக வலிக்கும், இருமினால் குத்தும். தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தொடர்ந்து அடித்தால், எலும்பில் விழுந்த மயிரிழை விரிசல் பெரிதாகும். ஆனால் நெஞ்சு இடது பக்கம் வலித்தால் முதலில் போக வேண்டியது இதய மருத்துவரிடம். ஈசிஜி எடுத்து இதயம் சரி என்று தெரிந்த பிறகு என்னிடம் வாருங்கள்.

ஓய்வுக்குப் பிறகு திரும்புகிறவர்களுக்கு நான் எழுதித் தரும் வரிசை இது. முதல் வாரம் பட்டர் மட்டும். அடுத்து, டீயில் வைத்த பந்தை, கிட்டத்து அடிக்கான வெட்ஜ் கிளப்பால் அரை ஸ்விங். வலி இல்லையென்றால் ஏழாம் நம்பர் ஐயர்ன், ஒன்று விட்டு ஒரு நாள். முழு வேகம் அதற்குப் பிறகுதான், ஒன்பது குழி அதற்கும் பிறகு, அக்கினி நட்சத்திரத்தில் என்றால் காலை எட்டரைக்குள் முடிகிற மாதிரி. டிரைவர் கடைசி.