கரியமில வாயு கூடும்போது புல்வெளி ஏன் மரக்காடாகிறது?

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும், சென்னையின் நிறுவனங்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் எங்களைப் போன்ற சூழலியல் ஆலோசகர்களை நாடி, மரக்கன்று நட ஒரு காலி இடம் வேண்டும் என்று கேட்கின்றன. அவர்களது அக்கறை உண்மையானது. ஆனால் வண்டலூருக்கு அப்பால் செங்கல்பட்டு வரை இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்படும் இடங்களில் சில, ஊசிப்புல்லுக்கு நடுவே வெள்வேலமும் உசிலும் காரைப்புதரும் தள்ளித் தள்ளி நிற்கிற இயற்கையான திறந்தவெளிகள். அங்கே மரத்துக்கு இப்போது நம் உதவி தேவையில்லை. காற்றே அதற்கு உதவிக்கொண்டிருக்கிறது.

ஒளிச்சேர்க்கை செய்யும் முறையைக் கொண்டு பிரித்தால், நெல்லும் ஏறத்தாழ எல்லா மரங்களும் சி3 எனப்படும் வகைத் தாவரங்கள். கம்பு, கேழ்வரகு, அருகு, ஊசிப்புல் போன்ற வெப்பநிலப் புற்கள் சி4 வகையைச் சேர்ந்தவை. இவை கரியமில வாயுவை இலைக்குள்ளேயே செறிவாக்கிக்கொள்வதால், காற்றில் அது குறைவாக இருந்தாலும், வெயில் கொளுத்தினாலும் தளராமல் வளர்கின்றன. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, ஹவாயின் மௌனா லோவாவில் தொடர் அளவீடு தொடங்கிய 1958இல் ஏறத்தாழ 315 ஆகி, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. வாயுவைச் செறிவாக்கும் அந்த வசதி சி3 மரங்களுக்கு இல்லாததால், இந்த உயர்வால் புல்லைவிட மரத்துக்கே ஆதாயம் அதிகம். இலைத்துளைகளை முழுதாகத் திறக்காமலேயே போதிய வாயு கிடைத்துவிடுவதால் செடிகள் இழக்கும் நீர் குறைகிறது. மண்ணில் மிஞ்சும் ஈரம் ஆழ வேரோடும் மரங்களுக்குப் பயன்படுகிறது.

நெருப்பு பட்ட நிலத்தில் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம். கோடையில் புல் எரியும்போது முழங்கால் உயர உசில் கன்றின் தண்டு கருகிவிடும், வேர் பிழைத்திருக்கும். மழை விழுந்ததும் அந்த வேரில் சேமித்த மாவுச்சத்தைக் கொண்டு அடித்தூரிலிருந்து நான்கைந்து தளிர்கள் கிளம்பும். அடுத்த தீ வருவதற்குள் அவற்றில் ஒன்றாவது தீநாக்கின் உயரத்தைத் தாண்டிவிட்டால் அது மரமாகும். இல்லையேல் ஆண்டுக்கணக்கில் குத்துச்செடியாகவே கிடக்கும். கரியமில வாயு கூடினால் வேரின் சேமிப்பும் தளிரின் வேகமும் கூடுகின்றன.

மழையின் பங்கையும் இங்கே சொல்ல வேண்டும். பெங்களூரு ஆய்வாளர் மகேஷ் சங்கரனும் சக அறிஞர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஆப்பிரிக்க சவன்னாக்களில் (மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளிகளில்) ஆண்டு மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மழைப் பற்றாக்குறையே மரங்களைக் கட்டுப்படுத்துகிறது என்றும், அதற்கு மேல் தீயும் மேய்ச்சலும் இல்லாவிட்டால் மரங்கள் நிலத்தை மூடிவிடக்கூடும் என்றும் காட்டியது. அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாதுதான். ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னைப் பகுதியில் ஒரு புல்வெளி திறந்தவெளியாகவே நீடிக்கிறதென்றால், மழையைத் தவிர வேறு ஏதோ ஒன்று அதைக் காத்து வருகிறது என்று பொருள்.

இந்தப் போட்டி நம் மண்ணுக்குப் புதிதன்று. நீலகிரிச் சதுப்புகளில் மட்காமல் படிந்துள்ள தாவர எச்சங்களின் கரிம ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் கரிம அணுக்களை) ஆராய்ந்து, இராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட கட்டுரை, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய வறண்ட பனியுகத்தில் அங்கே சி4 புற்களே மேலோங்கியிருந்தன என்றும், பின்னர் ஈரம் கூடிய காலத்தில் சி3 தாவரங்கள் பரவின என்றும் காட்டியது. அன்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்துக்கு இன்று நாம் சில பத்தாண்டுகளே தருகிறோம், அதுவும் சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, சீகை (வாட்டில் மரம்) போன்ற அயல் தாவரங்களையும் உடன் சேர்த்துவிட்டு.

இதனால் காடுகள் எல்லாம் செழித்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. வெப்பம் ஏற ஏறக் காற்று இலையிலிருந்து உறிஞ்சும் நீர் அதிகமாகிறது. கடும் வறட்சி வந்தால் பெரிய மரங்களும் பட்டுப்போகின்றன. மண்ணில் தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவாக இருக்கும் இடத்தில், கூடுதல் கரியமில வாயுவின் பயன் விரைவிலேயே நின்றுவிடுகிறது.

கிண்டி தேசியப் பூங்காவின் வெளிமானை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் திறந்திருக்கும் புல்தரையில் மேய்ந்து, ஆபத்து கண்டால் ஓடித் தப்பும் உயிர் அது. மரமும் புதரும் அடர்ந்தால் நிழலில் புள்ளிமான் பிழைத்துக்கொள்ளும். வெளிமானுக்கு வாழிடம் சுருங்கிவிடும்.

ஆகவே கன்று நடத் திட்டமிடுவோர், மழை ஓய்ந்த மார்கழியில், புல் கதிர்விட்டிருக்கும்போது ஒருமுறை அந்த நிலத்தை நடந்து பாருங்கள். அங்கே ஆடு மேய்ப்பவரிடம், முன்பு அது எப்படி இருந்தது என்று கேளுங்கள். நாட்டுப்புல் தூர்கள் செறிந்திருந்தால் குழி தோண்ட வேண்டாம். அந்தப் பணத்தில் சீமைக்கருவேலக் கன்றுகளை வேரோடு அகற்றுங்கள். வாங்கிய புங்கனையும் பூவரசையும் நிழலற்ற தெருக்களிலும் பள்ளி வளாகங்களிலும் நடுங்கள், அங்கே அவை மிகவும் தேவை.