மட்டம் என்பது எங்கிருந்து? ஒரு நில அளவைக்காரரின் குறிப்பு

உவரிக் கடற்கரையில், அலை காலை நனைக்கும் இடத்தில் செயற்கைக்கோள்களைக் கொண்டு இடத்தையும் உயரத்தையும் துல்லியமாக அளக்கும் டிஜிபிஎஸ் கருவியை நிறுத்தி முதல் அளவை எடுக்கும்போது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் திரையை இரண்டு முறை பார்ப்பார்கள். உயரம் கழித்தல் குறியோடு, தொண்ணூறு மீட்டருக்கும் கீழே என்று காட்டும். "கருவி கெட்டுப்போச்சா சார்?" என்று கேட்காதவர் இதுவரை என்னிடம் வேலைக்கு வந்ததில்லை. கருவி சரியாகத்தான் இருக்கிறது. அது பூமிக்கு ஒப்பாகக் கணிதத்தில் வரைந்த ஒரு வழவழப்பான நீள்வட்டப் பரப்பிலிருந்து உயரத்தைச் சொல்கிறது. கடலோ அந்தக் கணிதத்துக்குக் கட்டுப்படாமல், ஈர்ப்பு எங்கே நிறுத்துகிறதோ அங்கே நிற்கிறது. நம் கரையில் அந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசந்தான் திரையில் தெரிவது.

இதை எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் நாங்குநேரிப் பக்கத்தில் பார்த்த ஒரு வாய்க்கால். கிணற்றடியிலிருந்து பண்ணைக்குட்டை வரை சுமார் 600 மீட்டர் தூரம். வீட்டுப் பிள்ளை ஒருவர் செல்பேசிச் செயலியில் இரண்டு முனைகளின் உயரத்தையும் பார்த்து, குட்டை மூன்று மீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று சொல்ல, அதை நம்பி ஜேசிபி வைத்துத் தோண்டிவிட்டார்கள். மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் பாதி வழி போய்த் தேங்கி, பிறகு கிணற்றுப் பக்கமே திரும்பியது. "பள்ளத்துக்குத்தானே வெட்டியிருக்கு, தண்ணி ஏன் சார் மேட்டுக்கு வருது?" என்று நிலத்துக்காரர் கேட்டார். "அண்ணாச்சி, தண்ணி சரியாத்தான் போகுது, நாமதான் மேட்டைப் பள்ளம்னு நெனச்சிருக்கோம்" என்றேன்.

தொலைநோக்கி வழியே மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியை நான் இறக்கும் முன்பே அங்கிருந்த கொத்தனார் வேலையைத் தொடங்கிவிட்டார். அவரிடம் இருந்தது கண்ணாடி போல உள்ளே தெரியும் இருபது மீட்டர் பிளாஸ்டிக் டியூப் மட்டுமே. அதில் தண்ணீரை நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாதபடி விரலால் தட்டித் தட்டி வெளியேற்றினார். ஒரு குமிழி மாட்டிக்கொண்டாலும் மட்டம் பொய்யாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு முனையை முளைக்குச்சியில் பிடித்து, மறுமுனையில் நீர் ஆடி அடங்கும்வரை காத்திருந்து கோடு போட்டு, அடுத்த இருபது மீட்டருக்கு நகர்ந்தார். கடைசி முளையில் வந்த விடை, குட்டை முனை 12 சென்டிமீட்டர் உயரம் என்பது. ஆட்டோ லெவலில் எனக்கு வந்ததும் கிட்டத்தட்ட அதுவே. மூன்று மீட்டர் பள்ளம் என்றது செல்பேசியின் உயரப் பிழை. அந்தச் சிறு கருவியில் செங்குத்து அளவு பல மீட்டர் முன்பின்னாக இருப்பது வழக்கம். அன்று மாலை குட்டை முனையைக் கூடுதலாக வெட்டியதும் நீர் போனது.

செல்பேசி துல்லியமாக இருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. மட்டம் என்பது நேர்கோடும் அன்று, பூமியின் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் வரைந்த வளைவும் அன்று. பூமி சுழல்வதால் நடுவில் புடைத்திருக்கிறது. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. கணக்குப் போட்டுப் பார்த்தால், கன்னியாகுமரிக் கடலோரம் தில்லி நகரத்தைவிடப் பூமியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் கூடுதல் தொலைவில் இருக்கிறது. அதற்காகக் குமரிக் கடல் தில்லியை நோக்கி ஓடவில்லை. ஈர்ப்பும் சுழற்சியும் சேர்ந்து எந்தத் திசையைக் கீழ் என்று காட்டுகின்றனவோ, அதற்குச் செங்குத்தாக நிற்கும் பரப்புதான் மட்டம். தூக்குக்குண்டும் ரசமட்டமும் டியூப்பும் அதை மட்டுமே பேசும். டிஜிபிஎஸ் தானாக அதைப் பேசாது, திருத்தம் கொடுத்தால்தான் பேசும். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் மோட்டார் இல்லாமல் வயல் வரை போவது இந்தப் பரப்பைப் பிடித்துத்தான். ஒரு கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர் சரிவே கிடைக்கும் நீண்ட கால்வாயில், திருத்தாத உயரத்தை நம்புவது ஆபத்து.

தூக்குக்குண்டுகூட எப்போதும் பூமியின் மையத்தைக் காட்டுவதில்லை. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தொடங்கிய பெரும் முக்கோண நில அளவை வடக்கே இமயமலையை நெருங்கியபோது, கல்யாண்பூர், காலியானா என்ற இரண்டு அளவை நிலையங்களுக்கு இடையிலான தூரம் விண்மீன்களை நோக்கிக் கணித்தபோது ஒன்றாகவும், நிலத்தில் அளந்தபோது வேறாகவும் வந்தது. வேறுபாடு ஏறத்தாழ 5 விகலை (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு விகலை), தரையில் சுமார் 160 மீட்டர். இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கிறது என்று ஊகித்த பிராட் என்ற பாதிரியார், மலையின் நிறையைக் கணக்கிட்டுப் பார்த்தபோது வந்த விடை 15 விகலைக்கும் மேல். மலை இழுக்கிறது, ஆனால் இழுக்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை. இதற்கு 1855-இல் ஏரி என்ற வானியலாளர் ஒரு விளக்கம் சொன்னார்: கட்டுமரம் நீரில் அமிழ்ந்து மிதப்பதைப் போல, அடர்த்தி குறைந்த பாறையாலான மலையின் வேர் அடர்த்தி மிகுந்த பாறைக்குள் அமிழ்ந்திருக்கிறது. பார்வைக்குத் தெரியாத பூமியின் அடிவயிற்றை ஒரு நூலும் குண்டும் காட்டிக்கொடுத்த கதை இது. என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கமும் இதுவே.

நம் கடலும் அப்படி ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கடல் மட்டம் அந்தக் கணிதப் பரப்பைவிட 106 மீட்டர் வரை தாழ்ந்திருக்கிறது. உலகில் இவ்வளவு தாழ்ந்த இடம் வேறில்லை. நம் கரை அதன் சரிவில் அமைந்திருப்பதால்தான் உவரியில் தொண்ணூறு சொச்சம் வருகிறது. காரணம் பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகம் என்ற பாறை அடுக்குக்குள் அங்கே அடர்த்தி குறைந்த, வெப்பமான பொருள் மேலெழுந்து நிற்பது என்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தினர் 2023-இல் தம் மாதிரிக் கணக்கீடுகளிலிருந்து விளக்கியுள்ளனர். இந்தச் செய்தியை "ஈர்ப்புத் துளை", "கப்பலை விழுங்கும் பள்ளம்" என்று தலைப்பிட்டு வாட்சாப்பில் சுற்றவிடுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. அந்தப் பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் மட்டமாகவே இருக்கிறது; வள்ளத்தில் அதைக் கடந்து போகிறவர் இறங்கியதையும் ஏறியதையும் உணரவே மாட்டார். ஈர்ப்பு அங்கே இல்லாமல் போய்விடவும் இல்லை, மிக மிகச் சிறிதளவே குறைகிறது.

கொத்தனாரின் டியூப்பில் நீர் ஆடி அடங்குவதைத்தான் விண்ணில் பாறையும் செய்கிறது, கோடிக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டு. அரை கிலோமீட்டர் நீளமுள்ள இட்டோகாவா என்ற சிறுகோளும், 22 கிலோமீட்டர் அளவுள்ள செவ்வாயின் துணைக்கோள் ஃபோபோசும் உருளைக்கிழங்கு வடிவத்தில் இருக்கின்றன. அங்கே பாறையின் உறுதி ஈர்ப்பை வென்றுவிடுகிறது. வான்பொருளின் அளவு சில நூறு கிலோமீட்டரைத் தாண்டும்போது அடிப்பாறையால் மேலே உள்ள சுமையைத் தாங்க முடிவதில்லை. மேடு தாழ்ந்து, பள்ளம் நிரம்பி, உருண்டை உண்டாகிறது. எங்கே கோடு என்பது பொருளைப் பொறுத்தது. பனிக்கட்டி இளகிக் கொடுப்பதால் சனியின் துணைக்கோள் மிமாஸ் வெறும் 396 கிலோமீட்டரிலேயே உருண்டு திரண்டிருக்கிறது, பாறையாலான வெஸ்டா என்ற சிறுகோள் 525 கிலோமீட்டர் இருந்தும் கோணலாக நிற்கிறது. வேகமாகச் சுழலும் சனியோ துருவங்களில் பத்தில் ஒரு பங்கு தட்டையாகிவிட்டது.

மலையின் உயரத்துக்கும் இதே விதிதான். பொதிகை 1,868 மீட்டர், எவரெஸ்ட் 8,849 மீட்டர். ஈர்ப்பு நம்முடையதில் 38 விழுக்காடு மட்டுமே உள்ள செவ்வாயில் ஒலிம்பஸ் மலை 22 கிலோமீட்டர் வரை எழும்பியிருக்கிறது. சூரியனைவிடக் கூடுதல் நிறையை இருபது சொச்சம் கிலோமீட்டர் உருண்டைக்குள் அடைத்த நியூட்ரான் விண்மீனில் ஒரு சென்டிமீட்டர் மேடுகூட நிற்காது என்பது கணிப்பு.

டிஜிபிஎஸ்ஸைக் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் அந்தச் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், வேகத்தால் ஏற்படும் தாமதத்தைக் கழித்த பிறகும், நாளொன்றுக்கு 38 மைக்ரோவினாடி முந்தி ஓடும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கணக்கைக் கொண்டு அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் இடம் பத்து கிலோமீட்டர் வரை பிசகும். நேரத்தில் ஈர்ப்பைத் திருத்திக்கொண்ட கருவிக்கு, உயரத்திலும் அதைத் திருத்திக் கொடுக்க வேண்டியது அளப்பவரின் பொறுப்பு.

ஆகவே வரைபடத்தைக் கையில் வாங்கும்போது, அதிலுள்ள உயரங்கள் கடல் மட்டத்திலிருந்தா, நீள்வட்டப் பரப்பிலிருந்தா என்று கேட்டு, பதிலை அதன் மூலையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள், திருநெல்வேலிச் சந்திப்பில் பெயர்ப் பலகையின் அடியில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அங்கேயே நின்று செல்பேசியின் உயரத்தையும் பார்க்கலாம். சில செயலிகள் திருத்திக் காட்டும், சில கழித்தல் குறியோடு நிற்கும்.