முடிவே இல்லாத ஆட்டம்: மேக்ஸ் யூவே போட்ட கணக்கு

உலக சாம்பியன்களின் வரிசையில் மேக்ஸ் யூவே கொஞ்சம் ஒட்டாத பெயர். ஸ்டைனிட்ஸ், அலெகின் என்று சதுரங்கத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு நடுவே, ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் அவர். 1901இல் பிறந்தவர், 1926இல் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1935இல் நெதர்லாந்தின் ஊர் ஊராக நடந்த 30 ஆட்டங்களில் அலெகினை 15½–14½ என்று வென்று சாம்பியன் ஆனார். 1937இல் மறுபோட்டி. அதில் 15½–9½ என்று பட்டம் அலெகினிடமே திரும்பிப் போனது. அலெகின் குடியால்தான் முதல் போட்டியில் தோற்றார் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. அந்தப் போட்டியின் 26ஆவது ஆட்டத்தில், ஒரு காயைக் கொடுத்துவிட்டு யூவே தன் சிப்பாய்களை நடத்திக்கொண்டு போன விதத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், யூவேயின் ஆகச்சிறந்த ஆட்டம் பலகையில் ஆடப்பட்டதே இல்லை. அது 1929இல், பட்டம் வெல்வதற்கு ஆறு வருடம் முன்பு, ஆம்ஸ்டர்டாமின் அறிவியல் கழக இதழில் ஜெர்மன் மொழியில் வந்த ஒரு கட்டுரையில் இருக்கிறது.

அப்போது பேசப்பட்ட விதி ஒன்று: ஒரே நகர்த்தல் வரிசை இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து மூன்று முறை வந்தால் ஆட்டம் டிரா. இரண்டு பேரும் காயை முன்னும் பின்னும் இழுத்தடிப்பதை நிறுத்துவதற்காக ஏற்பட்ட விதி. சரி, இந்த விதி மட்டும் இருந்தால் எல்லா ஆட்டமும் என்றைக்காவது முடிந்தே தீருமா? முடியும் என்றுதான் தோன்றும். பலகையில் வரக்கூடிய நிலைகள் எவ்வளவுதான் ஏராளமானாலும் ஓர் எல்லைக்கு உட்பட்டவை, ஆகவே பழைய நிலை திரும்ப வந்துதான் ஆக வேண்டும். ஆனால் விதி நிலையைப் பார்க்கவில்லை, நகர்த்தல்களின் வரிசையைத்தான் பார்க்கிறது. யூவே பிடித்துக்கொண்டது அந்த இடத்தை.

ஆட்டத்தின் தொடக்க நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை, ராணிப் பக்கத்துக் குதிரையை வெளியே கொண்டுவருகிறது. கறுப்பும் அப்படியே. பிறகு வெள்ளை அந்தக் குதிரையைப் பழைய கட்டத்துக்கே திருப்புகிறது, கறுப்பும் திருப்புகிறது. ஆளுக்கு இரண்டு நகர்த்தல், பலகை பழையபடி. இந்தச் சுற்றுக்கு ‘அ’ என்று பெயர் வைப்போம். இதையே ராஜா பக்கத்துக் குதிரைகளை வைத்துச் செய்தால் ‘ஆ’. ஒவ்வொரு சுற்றும் தொடக்க நிலைக்கே திரும்பிவிடுவதால் அ, ஆ இரண்டையும் எந்த வரிசையிலும் கோக்கலாம். ஒரே நிபந்தனை, எந்தத் துண்டும் அடுத்தடுத்து மும்முறை வரக்கூடாது. ‘அஅஅ’ கூடாது. ‘அஆஅஆஅஆ’ கூடாது. நூறு எழுத்துள்ள துண்டாக இருந்தாலும் கூடாது. வெறும் இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு முடிவில்லாமல் இப்படி எழுத முடியுமா?

முடியும். முதலில் ‘அ’ எழுதுங்கள். அதன் பக்கத்தில் அதையே புரட்டி, அதாவது அ-வுக்கு ஆ, ஆ-வுக்கு அ என்று மாற்றி எழுதுங்கள்: அஆ. மறுபடி முழுவதையும் புரட்டி ஒட்டுங்கள்: அஆஆஅ. மறுபடி: அஆஆஅஆஅஅஆ. ஒவ்வொரு முறையும் நீளம் இரட்டிக்கும், நிறுத்தவே வேண்டியதில்லை.

இதில் மும்முறை ஏன் வராது? வரிசையை இரண்டிரண்டு எழுத்தாக வெட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சோடியும் அஆ அல்லது ஆஅ-தான், ஒரே எழுத்து இரண்டு கிடையாது. இப்போது ஐந்தெழுத்துத் துண்டு ஒன்று மூன்று முறை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஒற்றைப்படை என்பதால், துண்டு ஒருமுறை சோடியின் தொடக்கத்தில் ஆரம்பித்தால் அடுத்தமுறை சோடியின் நடுவில் ஆரம்பிக்கும். ஆகவே துண்டுக்குள் அடுத்தடுத்து நிற்கும் எந்த இரண்டு எழுத்தும் ஏதாவதொரு முறை ஒரே சோடிக்குள் வந்து மாட்டும். அப்படியானால் அவை வேறு வேறாக இருக்க வேண்டும். துண்டின் கடைசி எழுத்துக்கும் அடுத்த துண்டின் முதல் எழுத்துக்கும் இதே கதி. ஐந்து பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, பக்கத்தில் பக்கத்தில் ஒரே நிறம் வராதபடி சிவப்பும் நீலமுமாகத் தொப்பி போட்டுப் பாருங்கள், ஐந்தாவது பிள்ளையிடம் சிக்கிக்கொள்வீர்கள். எந்த ஒற்றைப்படைக்கும் இதே சிக்கல்தான். துண்டின் நீளம் இரட்டைப்படையா? தேவைப்பட்டால் ஓர் எழுத்து இடப்பக்கம் நகர்த்திக்கொண்டு, ஒவ்வொரு சோடியிலும் முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிடைப்பது அதே பழைய வரிசை, ஆனால் துண்டு பாதியாகியிருக்கும். இப்படிப் பாதியாக்கிக்கொண்டே போனால் கடைசியில் ஒற்றைப்படையில் வந்து நிற்கும், அது நடக்காது என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

ஆக, குதிரைகள் காலாகாலத்துக்கும் வெளியே போய் உள்ளே வந்துகொண்டிருக்கலாம், அந்த விதியால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த வரிசை யூவேக்கு முன்பே இருந்தது. நார்வேயின் ஆக்செல் தூ 1906லும் 1912லும் எழுதியிருந்தார், அமெரிக்காவின் மார்ஸ்டன் மோர்ஸ் 1921இல் முற்றிலும் வேறொரு துறையில் அதைத் தொட்டார். அவர்களைத் தெரியாமலேயே யூவே தானாக அதைக் கண்டெடுத்தார். வேடிக்கை என்னவென்றால், 1944இல் மோர்ஸ் தன் சகா ஹெட்லண்டுடன் சேர்ந்து, முடிவில்லாத சதுரங்கத்தைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார்.

ஐம்பது நகர்த்தல் விதி எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். ஆளுக்கு 50 நகர்த்தல் வரை எந்தச் சிப்பாயும் நகராமல், எதுவும் வெட்டப்படாமல் இருந்தால் டிரா என்பது மிகப் பழைய விதி. அதைச் சேர்த்தால் யூவேயின் ஆட்டம் படுத்துவிடும். அப்போது எவ்வளவு நீளமாக ஆட முடியும் என்றும் கணக்குப் போடலாம். சிப்பாய் நகர்ந்தாலோ காய் வெட்டுப்பட்டாலோ ஐம்பது மறுபடி முதலிலிருந்து தொடங்கும், ஆகவே அப்படிப்பட்ட நகர்த்தல்களை எண்ணினால் போதும். 16 சிப்பாய்கள் ஆளுக்கு 6 முறை நகர்ந்தால் 96. ராஜாக்களைத் தவிர மற்ற 30 காய்களும் வெட்டுப்படலாம். எதிரெதிரே நிற்கும் சிப்பாய்கள் ஒன்றையொன்று தாண்டிப் போக வேண்டுமானால் அவற்றில் எட்டு வெட்டைச் சிப்பாய்களே செய்தாக வேண்டும், அது இரண்டிலும் எண்ணப்பட்டுவிட்டது. மிச்சம் 118. ஐம்பதால் பெருக்கினால் 5,900, அதற்கு ஓரிரண்டு குறைவு. இப்போது யாரும் கோராவிட்டாலும் 75 நகர்த்தலில் ஆட்டம் தானாக டிராவாகிவிடும்.

திரும்ப வருவதைப் பற்றிய விதியும் இன்றைக்கு நகர்த்தலைப் பார்ப்பதில்லை, நிலையைப் பார்க்கிறது. ஒரே நிலை, அதே ஆளின் முறையில், மூன்றாவது தடவை வந்தால் டிரா கோரலாம். நடுவில் வேறு எது வந்தாலும் பரவாயில்லை. ஐந்தாவது தடவை என்றால் நடுவரே நிறுத்திவிடுவார். குதிரை ஆட்டத்தில் நாலாவது நகர்த்தலிலேயே கோரலாம், எட்டாவதோடு கதை முடிந்தது.

‘அதே ஆளின் முறையில்’ என்பதை மட்டும் கவனமாக எண்ண வேண்டும். 1972இல் ரெய்க்யவிக்கில் உலகப் பட்டத்துக்காக பிஷரும் ஸ்பாஸ்கியும் மோதியபோது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் யூவேதான். 20ஆவது ஆட்டத்தில், ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது என்று பிஷர் நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் தீர்ப்பு சொல்வதற்குள் ஸ்பாஸ்கி மறுப்பில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்புறம் பார்த்தால், அந்த நிலை வந்தது வெள்ளையின் 48ஆவது, 50ஆவது நகர்த்தல்களுக்குப் பிறகு, மூன்றாவது தடவை கறுப்பின் 54ஆவதுக்குப் பிறகு. முறை மாறியிருந்தது, கோரிக்கையே செல்லாது. கையெழுத்து விழுந்துவிட்டதால் டிரா அப்படியே நின்றுவிட்டது.