'பெக் த கொஸ்டின்' என்றால் கேள்வி கேட்பதா?

விலையை ஏற்றிவிட்டார்கள், 'விச் பெக்ஸ் த கொஸ்டின்', இனி யார் வாங்குவார்கள்? இன்றைய ஆங்கிலக் கட்டுரைகளில் இந்தத் தொடர் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, 'கேள்வியை எழுப்புகிறது' என்ற பொருளில். அகராதிகள் பலவும் அதைச் சேர்த்துக்கொண்டுவிட்டன. ஆனால் கறாரான ஆசிரியர் கையில் சிக்கினால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார், ஏனென்றால் இது தர்க்கத்தில் ஒரு குற்றத்தின் பெயர். எதை நிரூபிக்க வேண்டுமோ அதை நிரூபித்தாகிவிட்டது போல வைத்துக்கொண்டு பேசுவது. "அவர் பொய்யே சொல்ல மாட்டாருங்க." எப்படித் தெரியும்? "அவரே சொன்னாரே!"

ஆரம்பம் அரிஸ்டாட்டிலிடம். பழைய கிரேக்கத்தில் வாதம் ஓர் ஆட்டம் போலவே நடந்தது: ஒருவர் ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மற்றவர் ஆமாம் இல்லை என்று பதில் வருகிற கேள்விகளாகக் கேட்டு, அவர் வாயால் ஒப்புக்கொண்டதை வைத்தே அவரை மடக்க வேண்டும். எதைப் பற்றிச் சண்டையோ அதையே 'ஒப்புக்கொண்டுவிடுங்களேன்' என்று கேட்டால் அது அழுகுணி ஆட்டம். 'தொடக்கத்தில் உள்ளதையே கேட்பது' என்று அரிஸ்டாட்டில் அதற்குப் பெயர் வைத்தார், லத்தீனில் அது 'பெட்டிட்டியோ பிரின்சிப்பீ' ஆயிற்று, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது கேட்பது 'பெக்', அதாவது இரந்து கேட்பது, ஆகிவிட்டது. 'கொஸ்டின்' என்பதும் இங்கே கேள்வி இல்லை, விவாதத்தில் இருக்கும் விஷயம். ஆக, அந்த விஷயத்தையே இனாமாகக் கேட்கிற ஆள்தான் இந்தத் தொடருக்குள் இருக்கிறார்.

இதை வட்டமடிக்கும் வாதம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ஆங்கில அகராதியாளர் ஃபௌலர் தன் 1926 நடைக் கையேட்டில் ஓர் அழகான உதாரணம் தருகிறார்: நரி வேட்டை கொடுமை இல்லை, ஏனென்றால் நரிக்கும் அது ஜாலியாகத்தான் இருக்கிறது! இங்கே வட்டமே இல்லை. முடிவைப் போலவே காரணத்துக்கும் ஆதாரம் தேவை, அவ்வளவுதான். சில சமயம் ஒரே ஒரு பெயர்ச்சொல்லிலேயே இந்த வேலை முடிந்துவிடும். விசாரணையே முடியாத வழக்கில் 'இந்தக் கொலைகாரனுக்கு ஜாமீனா?' என்று எழுதுகிறோம் இல்லையா, தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத் தத்துவவாதி பெந்தமின் 1824 நூல் இதைத் தனி வகையாகவே பேசுகிறது.

சரி, தமிழில்? நன்னூலின் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' இருக்கிறது, ஆனால் அது வெறும் திரும்பச் சொல்லல். நெருக்கமானது நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபின் 'சாத்தியசமம்': நிறுவ வேண்டியது சாத்தியம், காட்டும் காரணமும் அதைப் போலவே நிறுவப்படாமல் கிடந்தால் சாத்தியத்துக்குச் சமம். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் ஏதுப்போலிகளை, அதாவது காரணம் போலத் தோன்றி ஆனால் செல்லாதவற்றை, அடுக்கும்போது 'அன்னியதராசித்தம்' என்ற ஒன்றைச் சொல்வார். ஒலி நிலையாதது, ஏனென்றால் அது செய்யப்படுவது என்று சாங்கியத் தத்துவத்தைப் பின்பற்றும் சாங்கியனிடம் வாதிட்டால் செல்லாது. ஒலி செய்யப்படுவதே இல்லை, ஏற்கெனவே இருப்பது வெளிப்படுகிறது என்பது அவன் கட்சி, காரணத்தையே அவன் ஏற்கவில்லை. இது அப்படியே பெட்டிட்டியோ ஆகாது, ஆனாலும் பக்கத்து வீடுதான். காப்பியத்துக்கு நடுவில் இவ்வளவு தர்க்கப் பாடம் எதற்கு என்று நம்மில் பலர் தாண்டிப்போகிற பகுதி இது!

தத்துவம் படிப்பவர்களுக்கு எழுதினால் சாத்தியசமம் என்றே போடலாம். மற்றவர்களுக்கு 'நிறுவ வேண்டியதையே சான்றாக்குதல்' என்று விரித்துச் சொல்வது மேல், சற்று நீளம்தான், ஆனால் யாருக்கும் புரியும். 'சுழல் வாதம்' அரைப் பொருத்தம், நரி அதில் அடங்காது.

மொழிபெயர்க்கும்போது தொடருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ஒரு கேள்வி வந்தால் புதுப் பொருள், 'அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது' என்று எழுதிவிட்டுப் போகலாம். எதுவும் வராமல் முற்றுப்புள்ளியோடு நின்றால் பெரும்பாலும் பழைய பொருள். நீங்களே ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள் என்றால், புதுப் பொருளுக்கு 'ரெய்சஸ் த கொஸ்டின்' என்று போட்டுவிடுங்கள், அதில் குறை சொல்ல யாருக்கும் வழியில்லை. பழைய பொருளுக்கு, படிப்பவர் தர்க்கம் தெரிந்தவராக இல்லாவிட்டால் இந்தத் தொடரைத் தொடாமல், அந்த வாதம் எதை இனாமாக எடுத்துக்கொள்கிறது என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.