மெரிட்டோகிரசி: தகுதியாட்சி என்று சொன்னால் சரியாக வருமா?

மருத்துவம், இன்ஜினியரிங் கவுன்சலிங் நடக்கும் நாட்களில் சேலம் புதிய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழும்.

"பாப்பாவுக்கு மெரிட்லயே கெடச்சுதுங்களா?"

"ஆமாங்க, மெரிட்டுதானுங்க."

இங்கே மெரிட் என்பது மேனேஜ்மென்ட் சீட்டுக்கு எதிர்ச்சொல். பணம் கொட்டாமல் மார்க்கால் கிடைத்த இடம் என்று பொருள். அதே சொல்லை "இவன் மெரிட், அவன் கோட்டா" என்று ஒருவர் சொல்லும்போது இடஒதுக்கீட்டில் வந்தவருக்குத் தகுதி இல்லை என்ற குத்தல் அதில் ஏறிவிடுகிறது. சமூகவியல் வகுப்பில் மெரிட்டோகிரசி, அதாவது பிறப்பையும் பணத்தையும் பாராமல் தகுதி பார்த்தே இடமும் பதவியும் தரும் முறை பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் மாணவர்கள் இந்த இரண்டு பொருளையும் மனதில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் சொல்லின் வேரிலிருந்தே தொடங்குகிறேன்.

மெரிட்டோகிரசி இரு மொழிகளை ஒட்டுப்போட்ட சொல். முன்பாதி லத்தீன், மெரேரி என்ற வினைக்கு ஈட்டுதல், உரியவராதல் என்று பொருள். பின்பாதி கிரேக்கம், கிராட்டோஸ் என்றால் வலிமை, ஆட்சி. டெமாக்ரசியில் வருவதும் அதுதான். 1956-ல் ஆலன் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். உலகம் முழுக்கப் பரவியது 1958-ல், மைக்கேல் யங் எழுதிய 'தி ரைஸ் ஆஃப் தி மெரிட்டோகிரசி' நூலால். மதிநுட்பத்தோடு முயற்சியைக் கூட்டினால் மெரிட் என்பது அதில் வரும் கணக்கு.

அந்த நூல் 2034-ல் இருந்து ஒருவர் திரும்பிப் பார்த்து எழுதுவதுபோல அமைந்தது. யங் எழுதிய காலத்தில் பிரிட்டனில் 11 வயதிலேயே தேர்வு வைத்துப் பிள்ளைகளை வேறுவேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். இது எங்கே போய் முடியும் என்று யங் யோசித்தார். மேலே போனவர்கள் எல்லாம் எங்கள் தகுதியால்தான் என்று இறுமாந்து, கீழே நின்றவர்கள் நமக்குத் தகுதியே இல்லை போலிருக்கிறது என்று கூசிப்போகும் ஒரு சமூகம் அதில் வருகிறது. எச்சரிக்கையாக எழுதிய சொல்லை அரசியல்வாதிகள் பாராட்டாக எடுத்துக்கொண்டார்களே என்று, இறப்பதற்குச் சில மாதங்கள் முன், 2001-ல் அவர் வருந்தி எழுதினார்.

சரி, பாடத்தில் இந்தச் சொல் செயல்பாட்டுவாதத்தோடு, அதாவது ஃபங்ஷனலிசத்தோடு, ஏன் சேர்ந்தே வருகிறது? (செயற்பாட்டியம் என்றும் எழுதுகிறார்கள். செயற்பாட்டாளர் என்றால் போராட்டக்காரர் என்று ஆகிவிட்டதால் அது குழப்புகிறது.) சமூகத்தின் ஒவ்வொரு உறுப்பும் முழு உடம்புக்கு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பது இந்தப் பார்வை. பள்ளி பிள்ளைகளை ஒரு சமூகமாக இணைக்கிறது என்றார் பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைம். அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1959-ல் வகுப்பறை பற்றி எழுதியபோது, வீட்டுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே பள்ளி ஒரு பாலம் என்றார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. வீட்டில் பிள்ளை, நம் பிள்ளை என்பதற்காகவே கொண்டாடப்படுகிறது. பள்ளியில் எல்லோருக்கும் ஒரே அளவுகோல். அந்த அளவுகோலால் அளந்து அவரவர் தகுதிக்கு ஏற்ற இடத்துக்கு அனுப்புவதே பள்ளி சமூகத்துக்குச் செய்யும் வேலை என்பதால்தான் மெரிட்டோகிரசி இங்கே வருகிறது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் டச் பார்க்கும், அதாவது வெள்ளியின் சுத்தத்தை அளக்கும் கடைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். கொலுசுக்கு உருக்கிய வெள்ளியில் ஒரு துண்டை மெஷினுக்குள் வைத்தார்கள். சற்று நேரத்தில் திரையில் எண் வந்தது. கொண்டுவந்தவர் பட்டறை முதலாளியா, கூலிக்கு வேலை செய்பவரா என்று மெஷினுக்குத் தெரியாது. பார்சன்ஸ் சொன்ன தேர்வு அப்படிப்பட்டதுதான். ஆனால் உள்ளே வைப்பதற்கு முன் அந்த வெள்ளியை எத்தனை தடவை உருக்கிச் சுத்தம் செய்தார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

முக்கியமான வேலைக்குத் திறமைசாலி வரவேண்டும் என்றால் கூடுதல் சம்பளமும் மதிப்பும் தந்தாக வேண்டும் என்று 1945-ல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் வாதிட்டார்கள். எது முக்கியமான வேலை என்று யார் முடிவு செய்வது, ஏழை வீட்டுத் திறமை கண்ணில் படாமலே போகிறதே என்று இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளர் மெல்வின் டியூமின் 1953-ல் மறுத்தார். எனக்கு டியூமின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

காரணம் தொலைவில் இல்லை. சேர்வராயன் மலையில் ஏற்காட்டைத் தாண்டி உள்ளே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் இருக்கின்றன. காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிட்டால் தம்பி தங்கைக்குச் சோறு போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நீட் கோச்சிங் வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வரவேண்டும். அவள் 400 வாங்குகிறாள். இரண்டு வருடம் கோச்சிங்கிலேயே இருந்த டவுன் பெண் 480 வாங்குகிறாள். யாருக்கு மெரிட் அதிகம்? ஈட்டுதல் என்ற லத்தீன் பொருளிலேயே கேட்டாலும் பதில் அவ்வளவு சுலபம் இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 2020-ல் கொண்டுவந்தது. அது தகுதியைக் குறைக்கவில்லை, அளவுகோலின் கோணலைக் கொஞ்சம் நிமிர்த்துகிறது என்பதே என் கருத்து.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். தகுதி 'தகு' என்ற வேரிலிருந்து வருவது. பொருந்து, ஏற்றதாக இரு என்று பொருள். தகுந்த, தகாத, தக்கார் எல்லாம் அதே குடும்பம். அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. திருக்குறளில் 'தகுதி எனவொன்று நன்றே' என்று தொடங்கும் 111-ஆவது குறள் இருப்பது நடுவு நிலைமை அதிகாரத்தில். அங்கே தகுதி என்றால் நடுவுநிலைமை என்றுதான் பரிமேலழகர் உரை சொல்கிறது; பகை, அயல், நட்பு என்று பாராமல் அவரவர்க்கு முறையோடு நடப்பது. அதாவது, அளக்கப்படுகிறவரிடம் மட்டும் இருந்தால் போதாது, அளக்கிறவரிடமும் இருக்க வேண்டியது தகுதி. இது ஆங்கிலச் சொல்லில் கிடையாது.

அதனால் மெரிட்டோகிரசிக்குத் தகுதியாட்சி என்றே எழுதுகிறேன், மாணவர்களையும் அப்படித்தான் எழுதச் சொல்கிறேன். திறமையாட்சி என்றால் முயற்சி விட்டுப்போகிறது. ஆனால் மெரிட் லிஸ்டைத் தகுதிப் பட்டியல் ஆக்க வேண்டாம். கவுன்சலிங்கில் ஏற்கெனவே புழங்கும் தரவரிசைப் பட்டியல் என்பதே சரியான சொல். யாருக்கு முன் யார் என்பதை மட்டும் அது சொல்கிறது: 480 வாங்கியவள் முன்னால், 400 வாங்கியவள் பின்னால், அவ்வளவுதான்.